டப்பென்று மூடும் போன்

“மடக்குற போனுக்கு இவ்வளவு விலையாம்மா?” என்று மகன் அலுத்துக்கொண்டான்.

“பேசி முடிச்சதும் டப்புனு மூடலாம்டா. அந்த கெத்து உன் போன்ல வருமா?”

ஸ்பீக்கரைப் போட்டு, அடுத்த மாதம் மருமகளாக வரவிருந்த நர்ஸை அழைத்தாள் அம்மா.

“கல்யாணத்துக்கப்புறமும் நீ தாராளமா வேலைக்குப் போலாம் கண்ணு.”

“ரொம்ப சந்தோஷம், அத்தை.”

அம்மா மகாராணி தோரணையில் போனை டப்பென்று மூடினாள்.

“நெஜமாவாம்மா?”

“கல்யாணம் முடியட்டும்டா. மறுநாளே வேலையை விட வெச்சிடலாம்.”

“உன் இஷ்டம்மா,” என்றான் மகன்.

மூடிய போனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மூடினா கட் ஆகலை, அத்தை. நல்ல போன்தான், குடுத்த காசு வீண்போகலை. நான் வேலையை விடப்போறதில்லை. உங்க பையனைத்தான் விடப்போறேன்.”