கைப்பிடி

பக்கவாதத்தில் இடக்கால் விழுந்தபின், குளியலறையில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டுமென்றார் குணசீலன். மனைவி திலகவதி ஆள் கூட்டிவந்தாள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"டைல்ஸுக்குப் பின்னால பொள்ளலா இருக்குக்கா. ஆள் பாரம் தாங்காது. அந்தப் பக்கச் சுவர்ல போட்டாக் கெட்டியா நிக்கும்."

"அவருக்கு இங்கதான் எட்டும். போடுங்க."

அவன் போனதும் குணசீலன் தத்தித் தத்தி வந்து கம்பியைத் தடவினார். பிறகு, மணமாகி முப்பது வருடத்தில் முதன்முறையாக, அவள் கையை மெதுவாகப் பிடித்தார்.

"எவ்வளவு அடிச்சிருக்கேன் உன்னை. மன்னிச்சிரு திலகா."

அவர் அழுதார். சுவரைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டாள்.

"வெந்நீர் ஆறிடும். போய்க் குளிங்க."