இரண்டு நொடி சும்மா இரு

கணினித் திரையில் கர்சர் வேண்டாதவற்றை அழித்துக்கொண்டே கீழே இறங்கி வந்தது. ரேஷன் கடைத் தராசை இயக்கும் நிரல் அது. ‘எடையைக் காட்டு’ என்ற வரியின் தலைமேல் ‘இங்கே எடை காட்டப்படும்’ என்று, நிரலைப் படிப்பவருக்கான ஒரு குறிப்பு உட்கார்ந்திருந்தது.

“அவன்தான் சொல்றானே, நீ எதுக்கு ஒத்து ஊதறே?” என்று கர்சர் அந்தக் குறிப்பைத் துடைத்தது.

பிறகு அடுத்த வரிக்கு வந்தது. ‘இரண்டு நொடி சும்மா இரு’ என்பதுதான் அதன் மொத்த வேலை.

“சும்மா இருக்க ஒரு ஆளா? கிளம்புப்பா.”

 வரிக்காக அதன் மேலிருந்த குறிப்பு பேசியது.

“அண்ணே, அரிசியைக் கொட்டினதும் தட்டு ஆடும். அப்ப எடை கூடுதலாக் காட்டும். அதை உடனே படிச்சு பில் போட்டா வாங்கறவங்களுக்கு அரிசி குறையும். ஒருதரம் குறைஞ்சுது. அதுக்கப்புறம்தான் இவனை இங்க கொண்டாந்து நிறுத்தினாங்க.”

கர்சர் கொஞ்ச நேரம் சிமிட்டிக்கொண்டே நின்றது.

“இவன் மூஞ்சியைப் பாத்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பலே ஆள்யா நீ!”

தலைச்சுமை என்று நினைத்திருந்த குறிப்பை வரி முதல்முறையாக அண்ணாந்து பார்த்தது.

குறிப்பில் ‘தடடு’ என்றிருந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, கர்சர் கீழே இறங்கியது.