வலப்பக்கக் காற்று

சைக்கிளை வலப்பக்கம் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. நிமிர்த்தினால் காற்று அவளைச் சாலைக்கு வெளியே தள்ளிவிடும்.

காற்றா அது! வள்ளியூரைத் தாண்டியதிலிருந்து ஓயாமல் அறைகிறது. மலை இடைவெளியில் புகுந்து வருகிற ஆனிக் காற்று. காற்றாலைகளில் பாதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். சைக்கிளில் வருகிற இந்த இரண்டு பேரை நிறுத்தத்தான் ஆளில்லை.

நூற்றிருபது கிலோமீட்டர் பயிற்சி. தொண்ணூறு முடிந்திருந்தது.

அவளுடைய பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கமாக, ஜெபமலர். வலமிருந்து அடிக்கிற காற்றுக்கு அங்கேதான் மறைப்பு. முன்னால் போகிறவள் காற்றைத் தாங்குவாள், பின்னால் வருகிறவள் இளைப்பாறுவாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். நாலு வருடமாக இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மாநில அணியில் ஒரே ஓர் இடம்.

ஜெபமலருக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த வருடமும் வரலாம். முன்னால் போகிற அவளுக்கோ முப்பது ஆகப்போகிறது.

பின்னால் வருகிறவளுக்கு இடம் விட வேண்டுமென்றால் முன்னால் போகிறவள் சாலைக்குள் தள்ளி ஓட்ட வேண்டும். லாரிகள் உரசிக்கொண்டுதான் போகும். இருந்தாலும் அதுதான் முறை.

அவள் இடப்பக்கம் ஒதுங்கினாள்.

ஒரு சாண்.

பிறகு இன்னொரு சாண்.

ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே போனாள். அதற்கு அப்பால் வெறும் சரளை. ஜெபமலருக்கு ஓட்ட இடமில்லாமல் போயிற்று.

யாராவது கேட்டால் சொல்லப் பதிலும் இருந்தது. லாரிக்குப் பயந்து ஒதுங்கினேன்.

சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. மூச்சிரைப்புக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் கேட்கவில்லை.

கியரை ஏற்றி மிதித்தாள்.

"யக்கா, லாரி! லாரி!"

தொண்டை கிழிகிற கத்தல். முப்பது மீட்டராவது பின்னாலிருந்து.

சட்டென்று நிமிர்ந்தாள். சைக்கிள் சரளையில் இறங்கி ஏறியது. அதே நொடியில் லாரி வலப்பக்கத்தை அடைத்தது. காற்று அப்படியே நின்றுபோனது. சாய்ந்தபடி இருந்திருந்தால் நேராக லாரியின் சக்கரத்துக்குள் விழுந்திருப்பாள்.

காற்றின் இரைச்சலில் முன்னால் போகிறவளுக்குத் தூரத்து வண்டிச் சத்தம் கேட்காது. பின்னால் வருகிறவள்தான் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அதுவும் முறைதான்.

கத்தாமல் சும்மா இருந்திருந்தாலே போதும். அந்த ஒரே இடம் ஜெபமலருக்கு.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். வேகம் தானாகக் குறைந்தது.

ஜெபமலர் வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் புழுதி. வலப்பக்கமாக முந்தி, லாரிகள் போகிற தடத்திலேயே ஓட்டினாள். இடப்பக்கம் ஓர் ஆளுக்குத் தாராளமாக இடம் கிடந்தது.

"எம்புட்டு நேரந்தான் நீங்களே காத்தத் தாங்குவிய? பொறத்த வாங்கக்கா."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா?

அவள் அந்த இடத்துக்குள் நுழைந்தாள். காற்றே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

சாலையின் கோடியில் ஒரு லாரி. வந்து சேர இன்னும் ஒரு நிமிடமாவது ஆகும்.

அப்போதே கத்தத் தொடங்கினாள்.