உள்ளே எழுபத்தாறு

"ஐந்நூறு கேம்னு போட்டிருக்கே, எங்கேம்மா ஐந்நூறு? உள்ளே இருக்கறது வெறும் எழுபத்தாறு!"

தி.நகர் பிளாட்பாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு இப்படி ஒரு குரல் எழுந்தால் கூட்டம் சேராமல் இருக்குமா? சேர்ந்துவிட்டது.

கத்தியவர் ராமானுஜம். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வீடியோ கேம். போன வாரம் இதே பிளாட்பாரத்தில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஜுவேரியாவின் கடையில் பேரனுக்கென்று வாங்கிப்போனது.

"இன்னா சார், ஓடலையா? வேற மாத்தித் தர்றேன்" என்றாள் ஜுவேரியா.

"பேஷா ஓடறது. ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார். "பன்னெண்டாம் நம்பர்ல டாங்கி சண்டை. எண்பத்தெட்டுலயும் அதே டாங்கி, பச்சைக்குப் பதிலா சிவப்பு. நூத்தி அறுபத்துநாலுல மறுபடியும் அதே டாங்கி, பேர் மட்டும் வேற! மூணு நாள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா விளையாடி எழுதியிருக்கேன்."

"அப்ப பேரனுக்கு எப்ப சார் குடுத்தீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, குபீரென்று சிரிப்பு.

ராமானுஜம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரெண்டாவது தபா வர்றப்ப வேகம் ஜாஸ்தியா இருக்கும் சார்" என்று சொல்லிப் பார்த்தாள் ஜுவேரியா. "அதுவும் இல்லாம, பெட்டியே இப்டித்தான் வருது. நானா அச்சடிச்சேன்?"

"யார் அச்சடிச்சா என்ன? ஐந்நூறுன்னு கூவி வித்தது நீதானே? இதுக்குப் பேர் என்ன தெரியுமா? திருட்டு!"

சுருக்கென்று தைத்தது ஜுவேரியாவுக்கு. ஏழு வருஷமாக வெயிலிலும் மழையிலும் அதே இடத்தில் நிற்கிறாள். ஒருத்தர் அவளை அப்படிச் சொன்னதில்லை. ரெண்டு பெண் பிள்ளைகளின் ஸ்கூலும் வீட்டு அடுப்பும் இந்த நாலடிக் கடையை நம்பித்தான் ஓடுகின்றன.

"வார்த்தைய அளந்து பேசுங்க சார். துட்டு வேணுமா? இந்தாங்க, வாங்கிக்கினு போங்க."

"பணம் எனக்கெதுக்கு? நாளைக்கு இன்னொருத்தன் ஏமாறக் கூடாது. இத்தனை பெட்டியிலயும் ஐந்நூறை அடிச்சிட்டு எழுபத்தாறுன்னு எழுது. இப்பவே, என் கண் முன்னாடி. இல்லேன்னா கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டு உன் கடையையே தூக்க வைப்பேன்."

பக்கத்தில் கிளிப், ரப்பர் பேண்ட் விற்கும் பொன்மணி ஓடிவந்து அவள் காதைக் கடித்தாள். "ஏ ஜுவே, பெரிய எடத்து ஆள் மாரி கீது. கால்ல வுழுந்தாவது அனுப்பிடு. எழுபத்தாறுன்னு எழுதினா எவன்டி வாங்குவான்? எதிர்க்கடைக்காரன் ஐந்நூறு, ஐந்நூறுன்னு கூவிக்கினு கீறான் பாரு."

"கால்லயா? நானா?" ஜுவேரியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ சும்மா இரு அக்கா. அதுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு."

"கொஞ்சம் படிச்சிருந்தா இந்தப் புத்தி வராது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் ராமானுஜம். "முப்பது வருஷமா ஆயிரக்கணக்கான பசங்களைக் கவர்மென்ட் பரீட்சைக்குத் தயார் பண்றவன் நான். பாடத்துக்கு முன்னாடி நான் சொல்லிக் குடுக்கறது நேர்மையைத்தான்."

ஜுவேரியா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

விலை எழுத வைத்திருந்த கறுப்பு மார்க்கரை எடுத்தாள். முதல் பெட்டியில் ஐந்நூறை அடித்தாள். 'உள்ளே 76' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அடுத்த பெட்டி. அதற்கும் அடுத்தது. இருபத்துமூன்று பெட்டியிலும் எழுதி முடிக்கிறவரை அவள் தலை நிமிரவில்லை.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் பொன்மணி.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள். "எழுபத்தாறா? எங்க வீட்டு வாலு ஆறு கேம் ஒழுங்கா ஆடினாலே பெரிசு. எனக்கு ஒண்ணு குடும்மா."

பெட்டியை எடுத்துக் கொடுத்தாள் ஜுவேரியா.

ராமானுஜத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பார்த்தியா, இவ்வளவுதான் விஷயம்! தப்பைத் திருத்திக்கறதுக்கு வெட்கப்படவே கூடாது. அட்டையில என்ன போட்டிருக்கோ, அது உள்ளே இருக்கணும். அதுக்குப் பேர்தான் நாணயம். நான் சொல்றது சரிதானே?"

"நூத்துக்கு நூறு கரெக்ட் சார்."

சொல்லிக்கொண்டே விரிப்புக்கு அடியில் கை விட்டு ஒரு தடிப் புத்தகத்தை உருவினாள். ஓரமெல்லாம் நைந்து, அட்டையில் டீக்கறை. குரூப் ஃபோர் பரீட்சைக்கான கைடு. '5000 மாதிரி வினாக்கள்' என்று சிவப்பு எழுத்து மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது.

புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தாள். பின்னட்டையில் 'ஆசிரியர்' என்ற எழுத்துக்கு மேலே, படத்தில், பொன்னாடை போர்த்திக்கொண்டு சிரித்தார் ராமானுஜம்.

"யாவாரம் இல்லாத நேரத்துல நானும் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்து எண்ணிட்டேன் சார். பேரும் நம்பரும் மாத்தி, ஒரே கேள்வி நாலு தபா, அஞ்சு தபா வருது. மொத்தம் ஆயிரத்து நூத்திப் பன்னெண்டுதான். இத நம்பிப் போய் ஒக்காந்தேன், நாலு மார்க்குல வேலை போச்சு."

மூடாத மார்க்கரை அவரிடம் நீட்டினாள்.

"நான் எழுதிட்டேன். இப்ப நீங்க எழுதுங்க."