இரண்டு பேர் மூச்சு

வேனின் முன் கண்ணாடி உள்பக்கம் முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கையிலிருந்த காகிதப் பையில் ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.

இந்த வண்டி நிறுத்தத்தில் குளிர்காலம் முழுக்க வேனில் குடியிருப்பவர்களுக்கு வேன் கண்ணாடியைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று தெரியும். ஒருவர் தூங்கி எழுந்தால் மூச்சு ஓரங்களில் மட்டும் மெல்லிசாக உறையும். இரண்டு பேர் என்றால் கண்ணாடி முழுக்க, சுரண்டினால் தூளாக உதிரும் அளவுக்கு. யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் பிரிந்தார்கள் என்பது வாய் திறந்து சொல்வதற்கு முன்பே காலையில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டு குளிர்காலம் அந்தக் கண்ணாடியை உறைய வைத்தது தீபோவின் மூச்சும் என் மூச்சும்.

இப்போது நான் மலை மேலே இருக்கிறேன். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் மரவீட்டில் சமையல் வேலை. பன்னிரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும். வேலையோடு கூரைக்கு அடியில் ஒரு சின்ன அறை.

ஒருவருக்கு மட்டும்.

என் இரண்டு பைகளையும் தோளில் போட்டுக்கொண்டு மேலே கொண்டுவந்து வைத்தவன் தீபோதான். “நம்மள்ல ஒருத்தருக்காவது தினம் வெந்நீர் கிடைக்கட்டும்” என்றான்.

அன்றைக்கே உறுத்தியது. கூட இருந்தவளை இவ்வளவு சந்தோஷமாகவா ஒருவன் வழியனுப்புவான்?

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அறை ஜன்னலில் நின்றால் கீழே வேன் தெரியும். தீபோ வேலையிடத்தில், சறுக்க வருகிறவர்களை மலைக்கு ஏற்றும் லிஃப்ட்டில், ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், பட்டப்பகலில், வேன் கூரைக் குழாயிலிருந்து புகை வந்தது. நாலாவது நாள் இன்னொரு போர்வை கேட்டான். மைனஸ் பதினைந்தில் சட்டையில்லாமல் பல் தேய்க்கிறவனுக்குத் திடீரென்று குளிர்கிறதாம்.

போர்வையைக் கொடுத்துவிட்டு அன்று சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

இன்றைக்கு அவனுக்கு விடுமுறை. விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

பக்கத்து வேன்காரன் காஸ்பார் சக்கரத்தடியில் பனியை வாரிக்கொண்டிருந்தான். “வாங்க மகாராணி! காலு நனையாம வந்தீங்களா?” என்று சிரித்தான். நான் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. மண்வாரியை எடுத்துக்கொண்டு வேனின் அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஆக, அவனுக்கும் தெரியும்.

இங்கே யார் வேனையும் தட்டாமல் திறக்க மாட்டோம். நான் தட்டவில்லை. கதவைப் பிடித்து ஒரே இழுப்பு.

படுக்கையில், நான் படுக்கிற பக்கம், நான் கொடுத்த போர்வைக்குள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த முடி. கையில் என் காப்பிக் கிண்ணம்.

தீபோ அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“சிதோ, கதவச் சாத்து. சூடு போகுது.”

“போனா என்ன? அதான் ரெண்டு பேர் இருக்கீங்களே, ஒருத்தர ஒருத்தர் சூடாக்கிக்கோங்க!”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு குளிர்காலம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ‘இவளா, நானா’ என்ற கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது.

அந்தப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். சண்டைக்கு வந்தவளிடம் பேசுகிற குரலே இல்லை.

“அந்த ஜன்னல் கொக்கி இன்னும் மாட்டிக்குதா? கீழ்ப்பக்கம் லேசா ஒரு உதை விட்டா திறந்துக்கும்.”

எந்த ஜன்னல் என்று கேட்க வாயெடுத்தேன். மேலே என் அறை ஜன்னலோடு தினமும் மல்லுக்கட்டுவது நினைவுக்கு வந்தது.

எனக்கு உட்கார இடம் விட அவள் நகரப் பார்த்தாள். முடியவில்லை. போர்வை விலகியது. இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.

ஓட்டுநர் சீட்டில் தீபோவின் தூக்கப் பை சுருண்டு கிடந்தது. ஆறடி ஆள். ஒன்பது நாளாக ஸ்டியரிங்கில் முழங்கால் இடிக்க அங்கேதான் படுத்திருக்கிறான்.

“வெள்ளிக்கிழமை கட்டு மாத்தினதும் ஊருக்கு ரயில் ஏறிடுவா” என்றான் தீபோ. “ இவ விழுந்த அன்னைக்கு, மரவீட்டுல இவ பார்த்த வேலை காலியாகுதுன்னு உங்கிட்ட ஓடி வந்து சொன்னவன் நான்தானே? இவ எங்க போவான்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. மறுநாள் பார்த்தா பையோட பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அந்தக் கட்டில்ல தூங்குவியா?”

நான் ரொட்டிப் பையை அவள் மடியில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“நான் நொல்வென்” என்றாள் அவள், கையை நீட்டி.

தெரியும் என்று நான் சொல்லவில்லை.

சாவி வாங்கிய அன்று அந்த அறைக் கதவில் ஒரு டேப் துண்டு ஒட்டியிருந்தது. அதில் நீல மையில், வட்ட வட்டமான எழுத்தில் இதே பெயர். யார், ஏன் போனாள் என்று வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, அதே இடத்தில் என் பெயரை ஒட்டினேன்.