கைரியாவின் குசினியில் உப்பில்லை

“உப்பு எங்கயிருந்து வருது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை,” என்றார் டொக்டர் ஞானேஸ்வரி.

கைரியாவுக்குக் காது சூடாகிவிட்டது. மருந்து ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கேட்டிருந்தால் அது அவள் புருஷன் முஹைதீனுக்குரிய கேள்வி. உப்பைப் பற்றிக் கேட்டால் அது அவளுக்குரிய கேள்வி.

“அல்லாஹ் அறிய, என்ட குசினீல ஒரு கல்லு உப்புமில்ல டொக்டர்,” என்றாள்.

அது உண்மை. திகனயில் அவள் கையால் சாப்பிட்ட யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆறு மாதமாக அந்த வீட்டுக் கறிகளுக்குப் பெயர் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பகல் சாப்பாட்டுக்கு வரும் மகன் ஃபாஸில்கூட, கடையில் வேலை என்று சொல்லி மெல்ல மெல்ல நழுவிக்கொண்டான்.

முஹைதீனுக்கு எழுபத்திரண்டு வயது. பிரஷர் வந்து இருபது வருடம். ஆறு மாதத்துக்கு முன் இதயத்தை ஸ்கேன் பண்ணியபோது, சுருங்குவதில் குறையில்லை, விரிவதில்தான் சோம்பல் காட்டுகிறது என்று தெரிந்தது. உப்பைக் குறைக்கும்படி டொக்டர் சொன்ன அன்றே கைரியா உப்புப் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவருக்கு ஆகாதது தனக்கும் ஆகாது, இனி இரண்டு பேருக்கும் ஒரே சட்டி என்று மகனுக்கும் மருமகளுக்கும் முன்னால் அறிவித்தாள்.

அதைக் கேட்டு முஹைதீன் அவளைப் பார்த்த பார்வையில் கலியாண நாளின் வெட்கம் கொஞ்சம் இருந்தது.

இன்று கண்டிக்கு பஸ்ஸேறி வந்து பார்த்தால், பிரஷர் இறங்கவில்லை. இதயம் முன்பைவிட இன்னும் விறைத்திருந்தது.

இப்படியே போனால் முதலில் படியேறும்போது மூச்சு வாங்கும், பிறகு படுத்திருந்தாலும் வாங்கும் என்றார் டொக்டர்.

கைரியாவுக்குப் பயமாக இருந்தது. கலியாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அவரோடு சண்டை பிடிக்காத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சண்டை பிடிக்க ஆளில்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

டொக்டர் அடுத்ததாக எலும்புப் படத்தை எடுத்தார். பிரஷர் உள்ள வயதானவர்களுக்கு எலும்பு மெலிவதும் இதயம் விறைப்பதும் பல நேரம் சேர்ந்தே வருவதுண்டு, உப்பு மிஞ்சினால் எலும்பின் கல்சியமும் சிறுநீரோடு போகும், அதனால்தான் இதையும் எடுக்கச் சொன்னேன் என்றார்.

அந்தப் படம் எடுத்தது தனிக்கதை.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கொடுத்த கவுன் முஹைதீனின் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தொப்புள் முதல் முழங்கால் வரை மறையாமல் எந்த மெஷினிலும் ஏறமாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்க்காமல் அதன் மேலேயே கவுனைப் போட விட்டார்கள். பெல்ட், மணிக்கூடு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிக் கைரியாவின் மடியில் போட்டார். வேறு இரும்புச் சாமான் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார்.

டொக்டர் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

இடுப்பு எலும்பு மங்கலாக, மெலிந்துதான் இருந்தது. முதுகெலும்பின் கீழே, சாரம் சொருகும் இடத்தில், ஒரு சாவி பளிச்சென்று வெள்ளையாகப் படுத்திருந்தது.

“இந்த இடம் திரும்ப எடுக்கவேணும். இது என்ன ஹாஜியார்?”

“கடச் சாவி,” என்றார் முஹைதீன், கூரையைப் பார்த்தபடி.

கடையை ஃபாஸிலிடம் கொடுத்து நாலு வருடமாகிறது.

கைரியா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். தலை மூன்று இதழாக விரிந்த சாவி. இரண்டே பல். படுக்கையறை அலுமாரியின் இரண்டாவது சாவி. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதே அது தொலைந்துவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் போட வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று டொக்டர் கேட்பார்.

மடித்த சாரிகளுக்குப் பின்னால் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் இருந்தது. உப்பில்லாத முதல் வாரத்திலேயே, அவர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரம், நாக்கின் தொல்லை தாங்காமல் அவள் தனக்கென்று வாங்கி ஒளித்தது. இப்போது ஐந்தாவது போத்தல் நடக்கிறது. ஊறுகாய் இறங்கும் வேகத்தைக் கண்டு, தன் நாக்குத்தான் அடங்காமல் போய்விட்டது என்று இரண்டு தடவை அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாவும் செய்திருந்தாள்.

ஆக, இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பெருந்தன்மையா, ஊறுகாய் ஆசையா என்று யோசிக்க இது நேரமில்லை.

பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். டொக்டர் இன்னொரு குளிசை எழுதிக் கொடுப்பார். மானம் மிஞ்சும். அவருடைய இதயம் விறைத்துக்கொண்டே போகும்.

கைரியா கைப்பையைத் திறந்தாள். தஸ்பீஹ் மணிமாலைக்கு அடியில் கிடந்த தன் அலுமாரிச் சாவியை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்கும் மூன்று இதழ், இரண்டு பல்.

“அலுமாரில ஊறுகாய் ஈக்கிது டொக்டர்,” என்றாள். “அவரு மட்டுமில்ல. நானும்தான்.”

டொக்டர் சாவியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிரஷர் பார்க்கும் பட்டியோடு மேசையைச் சுற்றி வந்தார்.

முஹைதீன் பழக்கத்தில் சட்டைக் கையைச் சுருட்டினார்.

“நீங்கள் இருங்கோ ஹாஜியார்,” என்றார் டொக்டர். “அம்மா, நீங்கள் கையை நீட்டுங்கோ.”