யாருக்க நாயி

விழிப்பு வந்தது. எழுந்தான். பல் துலக்கினான்.

ஹீட்டர் குழாயைத் திறந்து குளித்தான். மஸ்கட் கோடையில் அப்படித்தான். ஹீட்டரை அணைத்து வைத்து, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரில் குளிக்க வேண்டும். மற்றக் குழாயில் வருவது உடம்பைச் சுடும்.

சட்டைக்குக் காலரை மட்டும் இஸ்திரி போட்டான்.

ரஸ்க்கை டீயில் நனைத்தான். கரைந்து விழுந்தது. அப்படியே குடித்தான்.

நேற்றும் இதேதான்.

அவள் போன பிறகு ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் இல்லை.

காலணி மாட்டும்போது வாட்ச்மேன் கதவைத் தட்டினான். வங்கதேசத்துக்காரன். "குத்தா" என்றான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினான்.

தெருநாய் அது. வெயில் ஏறினால் நிற்கிற வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்று தண்ணீர் லாரிக்கு அடியில். டிரைவர் பார்க்காமல் பின்னால் எடுத்திருக்கிறான்.

லாரி போய்விட்டிருந்தது.

நாய் முன்னங்கால்களால் நிழலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பின்பாதி கூடவே இழுபட்டது.

அவன் அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தான்.

ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் மேல் நாயைத் தூக்கி வைத்தான். வாட்ச்மேன் ஒரு பக்கம் பிடித்தான். காரில் அது கத்தவில்லை. ஏசி காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அநேகமாக முதல் ஏசி.

அவளுக்கு நாயென்றால் பயம். கடைசிப் படியில் நின்றுகொண்டு, "அந்தச் சனியன் போயிருச்சா பாருங்க" என்பாள். அவன் மிச்சக் கறியைப் போட்டால் அன்று முழுக்கச் சண்டை.

"பேரு மட்டும் வெச்சிராதீங்க. பேரு வெச்சா வீட்டுக்குள்ள வந்துரும்."

அவன் வைக்கவில்லை.

கிளினிக்கில் செல்வின் என்று ஒருவன் பெட்டியை வாங்கிக்கொண்டான். பச்சை உடுப்பு. நாகர்கோவில் பக்கம். அவன் சட்டைப்பையில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் செல்வின் தமிழுக்கு வந்துவிட்டான்.

"பேரு என்னண்ணே?"

அவன் தன் பெயரைச் சொன்னான்.

"ஒங்களுக்க பேரு இல்லண்ணே. நாயிக்க பேரு."

"பேர் இல்ல."

செல்வின் சிரிக்க ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா சூடான்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக ஏதோ சொன்னார். செல்வின் வந்து அருகில் உட்கார்ந்தான்.

"இடுப்பு எலும்பு ஒடஞ்சு போச்சு. ஆப்பரேஷன் செஞ்சா பொழச்சிரும்ணு சொல்லுதாவ. செலவு நெறைய ஆவும்."

அவன் கார்டை எடுத்து நீட்டினான்.

தொகை எவ்வளவு என்று கேட்கவில்லை. அவளுக்காக ஒரு மாத்திரைகூட வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் என்றார்கள். அந்தக் கார்டை அன்றும் கையில்தான் வைத்திருந்தான்.

செல்வின் வாங்கவில்லை.

"பைசா இல்லண்ணே காரியம். ஆளு வேணும். அறுத்துத் தச்ச பெறவு மாசக்கணக்குல வீட்டுக்குள்ள வச்சுப் பாக்கணும். மூத்திரம் பீ எல்லாம் எடுக்கணும். ரோட்டுல கொண்டு விட்டா பழுத்துச் செத்துரும். ஆளில்லாத நாயின்னா டாக்டரு இப்பமே ஊசி போட்டிருவாவ. அதுக்கு நோவு தெரியாது. ஒறங்குன மாதிரி."

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியிருந்தான். வேலையையும் விடுவதாகச் சொல்லியிருந்தான். ஊருக்குப் போய் என்ன செய்வது என்று முடிவு செய்யவில்லை. போவது மட்டும்தான் முடிவு.

தூங்கின மாதிரி என்பது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நாய்க்கு மட்டுமல்ல.

உள்ளே டாக்டரம்மா கையுறை மாட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது. எந்த வேலைக்கானாலும் அதே கையுறைதான்.

"சொல்லுங்கண்ணே. யாருக்க நாயி இது?"

கையிலிருந்த கார்டைத் திருப்பிப் பார்த்தான்.

எல்லோரும் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள் என்று. அவள் அம்மா, விமான நிலையத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். பிறகு போனில் கேட்டார். என் பேரைச் சொன்னாளா மாப்ள, ஒரு வார்த்த சொல்லியிருப்பாளே.

ஒண்ணும் சொல்லல அத்தை என்றான்.

அதைப் போய் எப்படிச் சொல்வது.

அன்று காரில் அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் சாவியைப் போட்டான். அவள் ஒரு கையை எடுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒன்று சொன்னாள். அவன் இறங்கிக் குனிந்தான். விரட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் கண் மூடியிருந்தது.

செல்வின் இன்னொரு முறை கேட்டான். இந்த முறை மெதுவாக.

அவள் சொன்னது இவ்வளவுதான்.

"பாத்து எடுங்க. நம்ம நாய் அடியில படுத்திருக்கும்."